மீட்டர்காரர் எழுதிய நாய்

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பதினொன்று என்பார்கள். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதி வருகிற வேலை அவருக்கு. அந்த வேலையில் இருபத்தொன்பது வருஷம் இருந்து பதினோரு தடவை நாயிடம் கடிபட்டதால் வந்த பெயர். எட்டாவது கடியின்போது யாரோ எட்டு என்று கூப்பிடத் தொடங்கி, பிறகு ஒவ்வொரு கடிக்கும் பெயர் ஒரு படி ஏறியது. உண்மையான பதவி உயர்வுதான் வரவில்லை, இதையாவது வைத்துக்கொள்ளட்டும் என்று மேலாளரே ஒரு தடவை சொன்னார். கடிபட்டவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். நான் மட்டும் அண்ணே என்று கூப்பிடுவேன், ஏனென்றால் என்னுடையது பக்கத்து மேஜை. அவர் எழுதிக்கொண்டு வருவதை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை.

புதிதாக யாராவது வேலைக்குச் சேர்ந்தால், முதல் வாரத்துச் சாப்பாட்டு வேளையில் அண்ணனின் கால்சட்டையை முழங்கால் வரை மடிக்கச் சொல்வார்கள். அவரும் சலிக்காமல் மடித்துக் காட்டுவார். கணுக்காலில் இருக்கிற நான்கு புள்ளிகள் ஒரு வெள்ளைப் பொசுபொசு நாய் போட்டவை. கடிக்கிற நிமிஷம் வரை அது எஜமானியின் இடுப்பில் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்ததாம். ஆடுசதையில் பிளந்து கூடிய தழும்பு, பல்லே இல்லை என்று வீட்டுக்காரர் சத்தியம் செய்த கிழட்டு நாயுடையது. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. கதையின் முடிவில் வீட்டுக்காரர் சொன்ன வாசகம் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: எங்க நாய் இதுவரைக்கும் யாரையும் ஒண்ணும் செஞ்சதில்லையே.

எனக்கு நாய் என்றாலே ஆகாது. தெருவில் ஒன்று நின்றால் நான் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போவேன். அதனால் எந்த ஜாதி நாயை வீட்டில் வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்ற வாக்குவாதம் வரும்போதெல்லாம், எதையுமே வைக்கக்கூடாது என்பது என் கட்சி. அண்ணன் எந்தக் கட்சியிலும் சேர மாட்டார். அவ்வளவு கடி வாங்கியவருக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள், அவர் பிடி கொடுக்கவே மாட்டார். ஒரு நாள் நான்தான் விடாமல் நச்சரித்துக் கேட்டேன்.

“பதினொண்ணுல ஒண்ணுகூட அந்தப் பிட்புல் மாதிரி பயங்கர ஜாதி கிடையாதும்மா,” என்றார். “ஆனா அதை வெச்சு எதையும் முடிவு பண்ணிடாதே. அந்த மாதிரி நாயை நான் மொத்தமாப் பார்த்ததே நாலோ அஞ்சோதான். என்னைக் கடிச்சதெல்லாம் சின்னதுங்க. அதனாலதான் நான் இன்னும் நடக்கறேன்.”

நடக்கிறேன் என்று அவர் சொன்னாலும், அந்த நடை கடைசி ஐந்து வருஷமாகவே சரியில்லை. அதற்கு நாய் காரணமில்லை, மூட்டு. ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு, அதில் பாதி மாடி. வலது முழங்கால் தேய்ந்துபோய்விட்டது, இனிமேல் படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படி ஏறாத மீட்டர்காரருக்கு எங்கள் அலுவலகத்தில் என்ன வேலை இருக்கிறது? நாற்காலி வேலைக்கு மாற்றிக் கேட்டு இரண்டு தடவை மனு எழுதினார். இரண்டும் மேலாளர் மேஜையில் தூங்கின. வீட்டில் அண்ணி தைலம் தேய்த்துவிட, காலையில் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இனி நான் சொல்லப்போவதற்கு எங்கள் ரீடிங் புத்தகத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு புத்தகம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. மீட்டர் எண் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் நாய்க்கென்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அடுத்து அந்தத் தெருவுக்குப் போகிறவன் தெரிந்துகொள்வதற்காக எப்போதோ யாரோ ஏற்படுத்திய வழக்கம் அது. நாய் இல்லையென்றால் பூஜ்யம், சாது என்றால் ஒன்று, குரைக்கும் என்றால் இரண்டு, கடிக்கும் என்றால் மூன்று. மூன்று போட்ட வீட்டுக்குள் போக வேண்டாம். முந்தைய மாதங்களின் சராசரியைப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டலாம். மூன்று மாதம் தொடர்ந்து மூன்று விழுந்தால், நாயைக் கட்டிவைத்து ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள் என்று வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அச்சடித்த படிவம் என் மேஜை இழுப்பறையிலேயே இருக்கும், விலாசத்தை எழுதித் தபாலில் போட வேண்டியது மட்டும்தான் என் பாடு.

அண்ணனின் பாதையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம் இருந்தது. மேல் மாடிக்குக் கட்டடத்தின் வெளிப்பக்கமாக இரும்புப் படிக்கட்டு, நாற்பத்தொரு படி. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். படிக்கட்டின் அடியில், கடையில் வாங்கிய ஒரு நாய் ஜாக்கிரதை போர்டு மாட்டியிருக்கும். மேலே ஒரு தையல்கார அம்மா தனியாகக் குடியிருந்தார். கூட இருந்த தம்பி இறந்த பிறகு அவன் வளர்த்த நாய் அவரிடமே தங்கிவிட்டது. அது பிட்புல், பின்னால் வந்த தடைப் பட்டியலில் முதலில் இருக்கிற ஜாதி. இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்ததுதான். அன்றைக்கு அண்ணனுக்குத் தெரிந்தது போர்டும் படியும் மட்டுமே.

முழங்கால் வீங்கியிருந்த ஒரு மாதம், அவர் அந்தப் படிக்கட்டின் கீழே நின்று மேலே பார்த்தார், போர்டைப் பார்த்தார், மூன்று என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அடுத்த மாதமும் அப்படியே. மூன்றாவது மாதம் என்னிடம் வந்து மென்று முழுங்கினார். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நோட்டீஸ் போடாமல் இருக்க முடியுமா என்று கேட்டார். நான் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவர் முழங்காலைப் பார்த்தேன், சரி என்றேன். ஒரு படிவம் மிச்சம் என்ற சோம்பேறித்தனமும் அதில் கலந்திருந்தது, பொய் சொல்வானேன். அந்த அம்மா ஒற்றையாள், ஒரே தையல் மெஷின், மாதா மாதம் ஏறக்குறைய ஒரே அளவுதான் மின்சாரம் ஓடும். சராசரி போட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை.

நாலு வருஷம் அப்படியே ஓடியது. இடையில் வந்த ஒரு கண்காணிப்பாளர், வெறும் எண் போதாது, காரணமும் எழுத வேண்டும் என்று கெடுபிடி செய்தார். அண்ணன் எழுத ஆரம்பித்தார். கறுப்பு ஆண் நாய், பெரியது, காது நிமிர்ந்தது என்று முதல் மாதம். சங்கிலியை இழுத்தது என்று அடுத்த மாதம். பாதிப் படி இறங்கி வந்தது. பல்லைக் காட்டி உறுமியது. புத்தகத்தைப் பிடித்து இழுத்தது. மாதக் கடைசியில் நாங்கள் அதைத் தொடர்கதை மாதிரி சத்தமாகப் படித்துச் சிரிப்போம். போன மாதம் கொஞ்சம் விறுவிறுப்பு குறைவு அண்ணே என்று நானே சீண்டியிருக்கிறேன். அது கதை என்று எங்கள் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

அப்புறம் அந்தச் செய்தி வந்தது. வேறொரு ஊரில், பக்கத்து வீட்டு நாய் ஒன்று ஒரு பெண் குழந்தையைக் கடித்துக் கொன்றுவிட்டது. அதுவும் அந்தப் பட்டியல் ஜாதிதான். அந்தக் குழந்தையின் படத்தைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. ஒரு மாதத்துக்குள் புதிய விதி போட்டார்கள். நான்கு ஜாதி நாய்களை இனிமேல் யாரும் வாங்கக்கூடாது. ஏற்கனவே வைத்திருப்பவர்கள், அந்த நாயைப் பற்றி எந்தப் பழைய குற்றப் பதிவும் இல்லாவிட்டால், வாய்ப்பூட்டு போட்டு வைத்துக்கொள்ளலாம். பதிவு இருந்தால் நகராட்சி எடுத்துக்கொண்டு போய்விடும். போன நாய் திரும்பி வராது, சாகடிக்கிற ஊசிதான். நியாயமான விதி என்று அலுவலகத்தில் நான்தான் வாய் கிழியப் பேசினேன்.

அந்தக் கட்டடத்தின் கீழ் வீட்டில் ஒரு லாரி ஓட்டுநர், மனைவி, ஒன்றே கால் வயதுப் பெண் குழந்தை. விதி வந்ததும் அவர் நகராட்சியில் புகார் கொடுத்தார். நாய்ப் பிரிவு அந்த விலாசத்துக்குப் பழைய பதிவு ஏதாவது உண்டா என்று தபால் அலுவலகம், குடிநீர் அலுவலகம், எங்கள் அலுவலகம் எல்லாவற்றுக்கும் கடிதம் எழுதியது. மற்றவர்கள் இல்லை என்று பதில் போட்டார்கள். எனக்கு அன்று தலைக்கு மேல் வேலை. கதவு எண்ணைப் பார்த்தேன், புத்தகங்களை எடுத்தேன், அந்த வரிகளை நகல் எடுத்து, முத்திரை குத்தி, அன்றைக்கே அனுப்பினேன். வழக்கமாகப் பத்து நாள் இழுத்தடிக்கிற வேலையைப் பத்தே நிமிஷத்தில் முடித்தது என் உத்தியோகத்தில் அந்த ஒரே தடவைதான். எந்த வீடு என்பது அனுப்பிய பிறகும் என் மண்டையில் உறைக்கவில்லை.

அடுத்த வாரம் தையல்கார அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து தொங்கவிட்டபடியே வந்திருந்தார், உடையெல்லாம் நூல் துணுக்கு. நாயைக் கம்பிக் கண்ணி மாட்டிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், இரண்டு வாரத்தில் விசாரணையாம். நாற்பத்தாறு தடவை கடிக்க வந்ததாக உங்கள் ஆபீஸ்தான் எழுதிக் கொடுத்திருக்கிறது என்கிறார்கள். இதை எழுதியவர் யார் என்று அவர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அழுது ஓய்ந்த குரல்.

“நாலு வருஷமா எங்க வீட்டுக்கு மீட்டர்காரர் யாரும் மேல வந்து நான் பார்த்ததே இல்லையே,” என்றார்.

அண்ணன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். புத்தகத்தில் ஒரே கட்டத்தை மறுபடி மறுபடி பேனாவால் தடவிக்கொண்டிருந்தார். மேலாளர் எழுந்து வந்து, பதிவேட்டில் இருப்பதைத்தான் கொடுக்க முடியும், மிச்சத்தை விசாரணையில் சொல்லிக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மாவை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் எல்லாம் எனக்கு விளங்கியது.

அண்ணனுக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. நாலு வருஷம் போகாத வீட்டுக்குப் பொய்க் காரணம் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டால் அன்றைக்கே சஸ்பெண்ட், பிறகு விசாரணை, ஓய்வூதியம் அந்தரத்தில் தொங்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த நாய்க்கு ஊசி. சாப்பாட்டு வேளையில் அவர் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அண்ணியிடம் சொல்லிவிட்டாராம். அண்ணி ஒன்றும் திட்டவில்லையாம், தைலம் தேய்ப்பதை மட்டும் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டாராம். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்வேன் என்று காத்திருக்கிறார் என்று தெரிந்தது.

“நாய்தானே அண்ணே,” என்றேன். “அதுவும் அந்த ஜாதி. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு யாரையாவது கடிக்கத்தான் போகுது. பேசாம இருங்க.”

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்கிற ஆட்டமா, இல்லை என்கிற ஆட்டமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்த இரண்டு வாரமும் ஒழுங்காக வேலைக்கு வந்தார், போனார். மூன்று போட்ட மற்ற வீடுகளில் எல்லாம் ஏறி மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார் என்பதை மட்டும் நான் கவனித்தேன். ஒரு வீட்டில் நாய் உண்மையாகவே துரத்திவிட்டது, முழங்கை சிராய்ப்போடு வந்தார்.

விசாரணை நகராட்சிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், ஃபைல் கட்டுகள் அடுக்கிய ஒரு நீள அறையில் நடந்தது. நடுவில் சுகாதார அதிகாரி, பக்கத்தில் கால்நடை டாக்டர். அசல் புத்தகங்களைக் கொண்டு வரச் சொல்லியிருந்ததால் நானும் போயிருந்தேன். முதலில் லாரி ஓட்டுநர் பேசினார். அந்த ஆளை ஒரு சண்டைக்காரராக நான் மனதில் நினைத்து வைத்திருந்தேன். பார்த்தால், தூக்கமில்லாத கண்ணோடு ஒரு சாதாரண அப்பா.

“நான் அந்தம்மாவைக் குறை சொல்லலை சார்,” என்றார். “அந்த நாய் இதுவரைக்கும் ஒண்ணும் செய்யல, ஒத்துக்கறேன். எம்பொண்ணு இப்பத்தான் நடக்கக் கத்துக்கறா. முதல் தடவை அது கடிக்கறப்போ எதிர்ல இருக்கறது எம்பொண்ணா இருந்துட்டா நான் என்ன பண்றது?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, எது கடிக்கும் என்று தன்னால் முன்கூட்டிச் சொல்ல முடியாது, எது கடித்தால் தையல் போட்டுத் தீராது என்று மட்டும் தெரியும், பட்டியல் போட்டது அதனால்தான் என்றார். இத்தனை வருஷத்தில் இதையே எத்தனை பேருக்குச் சொல்லிச் சலித்தாரோ, அவ்வளவு அலுப்பு அந்தக் குரலில். அவர் சொன்னது எனக்குச் சரி என்றே பட்டது. இன்றைக்கும் பாதி சரி என்றுதான் படுகிறது.

பிறகு அண்ணனைக் கூப்பிட்டார்கள். எழுதியது நீங்கள்தானே என்று அதிகாரி கேட்டார். ஆமாம் என்றார். இதெல்லாம் நடந்தது என்று உறுதி செய்கிறீர்களா என்று கேட்டார். அண்ணன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த வீட்டுக்கு நான் போனதே இல்ல சார். கால் வலி. படி ஏற முடியல. நாய் மேல பழியைப் போட்டு எழுதிட்டேன்.”

ஆனால் அதிகாரி நம்பவில்லை. அவர் அனுபவத்தில் இந்த மாதிரிக் கடைசி நேரப் பரிதாபம் நிறையப் பார்த்திருப்பார் போல. அந்த அம்மா வந்து அழுதிருப்பாங்க, நீங்க மனசு இளகிட்டீங்க, ஆனா நாற்பத்தாறு மாசம் உங்க கையெழுத்துல இருக்கே, எதை நான் நம்பறது என்று கேட்டார். உண்மையைச் சொல்லியும் நம்பிக்கை வாங்க முடியாமல் அண்ணன் திருதிருவென்று நின்றார். அவர் எழுதிய பொய் அவ்வளவு நன்றாக இருந்தது. பல்லைக் காட்டியதும் புத்தகத்தை இழுத்ததும் நேரில் பார்த்தவன் எழுதியது மாதிரியே இருந்தது. அதை விறுவிறுப்பாக்கச் சொன்ன நான் பின்வரிசையில் புத்தகக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர்தான் புத்தகத்தை வாங்கி, காரணம் எழுதத் தொடங்கிய முதல் மாதத்து வரியைப் படித்தார். கறுப்பு, ஆண், காது நிமிர்ந்தது. எங்கள் கூண்டில் இருப்பது பழுப்பு, பெண், காது மடிந்திருக்கும், நெஞ்சில் வெள்ளை என்றார். அப்படியானால் இது எந்த நாய் என்று கேட்டார்.

“படிக்கட்டு அடியில ஒரு போர்டு இருக்கு சார்,” என்றார் அண்ணன். “அதுல இருக்கற படத்தைப் பார்த்து எழுதினேன்.”

யாரோ சிரித்தார்கள். ஒரு ஆளை அனுப்பி அந்தப் போர்டையே கழற்றிக்கொண்டு வரச் செய்தார்கள். கறுப்பு நாய், நிமிர்ந்த காது, தொங்கும் நாக்கு. அதை மேஜை மேல் வைத்தபோது அண்ணன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நோட்டீஸ் போக வேண்டுமே, நாலு வருஷத்தில் ஒன்றுகூடப் போகவில்லையே, அது யார் பொறுப்பு என்று கேட்டார்.

“நான்தான் சார் வேண்டாம்னு தடுத்துட்டேன்,” என்றார் அண்ணன் உடனே. “ஆபீஸ்ல வேற யாருக்கும் தெரியாது.”

நான் எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த கட்டு கனமாக இருந்தது என்று சாக்குச் சொல்லலாம். ஒரே ஒரு நோட்டீஸ் அனுப்பியிருந்தால் அந்த அம்மா நாலு வருஷத்துக்கு முன்பே கீழே இறங்கி வந்து, என்னம்மா இது, எங்க நாயை யார் பார்த்தாங்க என்று கேட்டிருப்பார், எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். இது அந்த அறையில் இருந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஒருவர் என்னைக் காப்பாற்றிவிட்டார், இன்னொருத்தி நான்.

நாய் பிழைத்தது. வெளியில் கொண்டு வரும்போது வாய்ப்பூட்டும் குட்டைச் சங்கிலியும் கட்டாயம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். லாரி ஓட்டுநர் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை அண்ணனுக்கு சஸ்பெண்ட் உத்தரவு வந்தது. மேலாளர் அதைக் கையில் கொடுக்கும்போது, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேண்டாத வேலை என்றார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. அண்ணன் பேனாவையும் தைலப் புட்டியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். சிரிக்க ஆளில்லாமல் எங்கள் அறை மந்தமாகிவிட்டது.

ஒரு மாதம் கழித்து அவர் எனக்குப் போன் செய்தார். அந்த அம்மாவைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், தனியாகப் போகக் கால் கூசுகிறது, கூட வர முடியுமா என்றார். அண்ணிக்கு இதில் இஷ்டமில்லையாம், வேலையையே கொடுத்தாகிவிட்டது, இன்னும் என்ன மன்னிப்பு என்கிறாராம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனோம். நாற்பத்தொரு படியில் அவர் மூன்று இடத்தில் நின்றார். கடைசித் தடவை நின்றபோதே மேலே கதவுக்குப் பின்னால் உறுமல் ஆரம்பித்துவிட்டது. நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தையல்கார அம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்து, கட்டிட்டு வரேன் என்று உள்ளே போய்விட்டு வந்தார். சின்ன அறை. ஜன்னலோரம் மெஷின், சுவரில் தைத்துத் தொங்கவிட்ட உடுப்புகள், வாங்கிப் போக ஆள் வராததால் சிலவற்றின் தோளில் தூசி. நாயை மெஷின் காலில் கட்டியிருந்தார். வாயில் கம்பிக் கூடு. பதினேழு நாள் கூண்டில் உரசி ஒரு பக்கத்து முடி கொட்டி, தோல் தெரிந்தது. அது அண்ணனின் காலையே பார்த்து உறுமிக்கொண்டிருந்தது. அந்த அம்மா பாப்பா, பாப்பா என்று பெயர் சொல்லி அதட்டியும் அடங்கவில்லை.

முன்பெல்லாம் இப்படி இல்லை என்றார் அவர். அளவு கொடுக்க வருகிறவர்களின் காலடியிலேயே படுத்துத் தூங்கும், நாடாவை எடுக்க அதைத் தாண்டித்தான் போக வேண்டுமாம். இப்போது இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுகிறது. வாடிக்கைக்காரர்கள் பாதிப் படியிலேயே திரும்பிப் போகிறார்கள். போன வாரம் சங்கிலியை அறுக்கப் பார்த்தது, இனிமேல் கீழ் வீட்டுக்காரர் சொல்வதிலும் தப்பில்லை, எனக்கே பயமாக இருக்கிறது என்று சொன்னார். யாரையும் குத்திக் காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

அண்ணன் கைகூப்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி துடைத்தார். அந்த அம்மா ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கம் தள்ளினார்.

“நாலு வருஷம் கீழயே நின்னுட்டுப் போயிருக்கீங்க,” என்றார். “ஒரு குரல் குடுத்திருந்தா மீட்டரைப் பார்த்து நம்பரை ஒரு சீட்டுல எழுதிக் கீழ போட்டிருப்பேனே. கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தார். இருபத்தொன்பது வருஷம் எத்தனையோ வீட்டு வாசலில் நின்றவர், அந்த ஒரு வாசலில் நின்று குரல் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் அறையில் அத்தனை பேர் மாதா மாதம் சிரித்தோமே, எங்களில் ஒருவருக்காவது தோன்றியதா? அந்த அம்மா என் பக்கம் திரும்பி, நீங்க அவரோட தங்கச்சியா என்று கேட்டார். இல்லை, ஆபீஸில் பக்கத்து மேஜை என்றேன்.

“நல்ல மனசும்மா உங்களுக்கு,” என்றார். “இந்த மாதிரி நேரத்துல கூட வர யாருக்கு மனசு வரும்.”

அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். உடனே ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். நோட்டீஸ் அனுப்பாமல் விட்டது நான்தான் என்று சொல்லிவிட எனக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அந்த அம்மா அதற்குள் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார். வாங்கிக் குடித்தேன். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போகலாமா அண்ணே, பார்த்து இறங்குங்க என்று அவருக்குக் கை கொடுத்தேன்.